காலடியா, காலெட்டா? நம் பேட்டைக்குப் பெயர் வந்த கதை



2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் நம் பக்கம் வந்தது. நிலையப் பலகையில் ‘காலடிப்பேட்டை’ என்று பார்த்து, “யாருடைய காலடி?” என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்டிருக்கலாம். யாருடைய காலடியும் அல்ல. அது ஜோசப் காலெட் என்பவரின் பெயர். காலெட் பேட்டைதான் நம் வாயில் புரண்டு காலடிப்பேட்டை ஆனது.

காலெட் 1717 முதல் 1720 வரை சென்னையின் கவர்னர். திருவொற்றியூர், சாத்தங்காடு, கத்திவாக்கம், வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் ஆகிய ஐந்து கிராமங்களும் 1708-ல் கம்பெனிக்குக் கிடைத்து, சில ஆண்டுகளில் கைவிட்டுப் போயின. மொகலாயப் பேரரசர் ஃபரூக்சியரின் ஆணையால் 1717-ல் மீண்டும் வந்தன. திருவொற்றியூரை ஒட்டி நெசவாளர்களைக் குடியமர்த்தி காலெட் உருவாக்கியதே நம் பேட்டை.

ஏன் நெசவாளர்கள்? கம்பெனியின் முக்கிய வணிகமே துணிதான். முன்பணம் கொடுத்துத் துணி வாங்குவது அக்கால வழக்கம். தறிகள் தன் எல்லைக்குள் இருந்தால் சரக்கு தடையில்லாமல் வரும்.

கோயிலைப் பற்றி ஒரு கதை உண்டு. காலெட்டிடம் வேலை பார்த்த வீரராகவர் என்பவர் காஞ்சி வரதரைச் சேவிக்கப் போய்விட்டுத் தாமதமாக வருவாராம். “இப்போது அங்கே என்ன நடக்கிறது?” என்று துரை சோதித்தாராம். அவர் சொன்னது அப்படியே நடந்திருந்ததாம். வியந்த துரை இங்கேயே கல்யாண வரதராஜப் பெருமாளுக்குக் கோயில் எழும்ப உதவினார் என்பார்கள். கதை எப்படியிருந்தாலும், ஊர் நிலைக்கக் கோயிலும் வேண்டும் என்பது அன்று எல்லோருக்கும் தெரியும்.

இங்கிலாந்திலும் பெரிய வீட்டுக்காரர் நினைத்தபடி ஊர்கள் அமைந்ததுண்டு. டார்செட் மாவட்டத்தில் மில்டன் பிரபு, தம் மாளிகையிலிருந்து பார்க்க இடைஞ்சல் என்று பழைய ஊரையே இடித்துவிட்டு, 1780 வாக்கில் மில்டன் ஆபஸ் என்ற புது ஊரைச் சற்றுத் தள்ளிக் கட்டினார். அங்கே கண்ணுக்கு அழகு வேண்டியிருந்தது. இங்கே கப்பலுக்குத் துணி வேண்டியிருந்தது. இரண்டு இடத்திலும் முடிவெடுத்தவர் ஒருவர், குடியிருந்தவர்கள் வேறு.

1734-ல் எழுந்த சிந்தாதிரிப்பேட்டையும் நெசவாளர் ஊர்தான். ‘சின்னத் தறிப் பேட்டை’ என்று அதன் பெயரிலாவது தறி இருக்கிறது. நம் பெயரில் துரை மட்டுமே இருக்கிறார். 1716-ல் சீனக் கலைஞர் ஒருவர் செய்த காலெட்டின் சிறு உருவச்சிலை லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் பத்திரமாக இருக்கிறது. தறியில் உட்கார்ந்தவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

அதனால்தான் உங்களைக் கேட்கிறோம். உங்கள் வீட்டில் பழைய பத்திரம், தறிச் சாமான், தாத்தா பாட்டி படம் எதுவும் இருந்தால் சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தருவோம். பெரியவர்கள் சொல்லும் நினைவுகளையும் எழுதி வைப்போம். துரையின் பெயரை நாம் முந்நூறு ஆண்டுகள் காப்பாற்றிவிட்டோம். இனி நம்மவர் பெயர்களையும் காப்பாற்றுவோம்.