பாரிசவாதமும் குச்சவெளிச் சாலையும்



திருகோணமலைப் பட்டினத்திலிருந்து கடலை வலப்பக்கத்தில் வைத்து வடக்கு நோக்கிச் செல்லும் சாலை, நிலாவெளியையும் இறக்கக்கண்டியையும் கடந்து, 30 கிலோமீற்றருக்குச் சற்று அப்பால் குச்சவெளியை அடைகின்றது. இடையிடையே கழிமுகங்கள் குறுக்கிடும் சாலை அது. பாலங்கள் எழுவதற்கு முன்னர், ‘பாதை’ எனக் கிழக்கு மாகாணத்தார் வழங்கும் மிதவையில் வண்டியையும் மனிதரையும் ஏற்றியே அக்கரை சேர்ந்தார்கள். பாதை அக்கரையில் நின்றால் இக்கரையிற் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. வைத்தியத்தைப் பற்றிய பேச்சிலே சாலைக்கு என்ன வேலை என்று நேயர்கள் வினவலாம். பாரிசவாதம் என்னும் நோயின் அண்மைக்கால வரலாறு பெரும்பாலும் நேரத்தின் வரலாறு. சாலை நீண்டால் நேரமும் நீளும்.

பாரிசம் என்றால் பக்கம். உடலின் ஒரு பக்கம் செயலிழப்பதைக் கண்ட முன்னோர் நோய்க்கு அப்பெயரை இட்டார்கள்; பக்கவாதம் என்ற பெயரும் அவ்வாறு வந்ததே. கண்ணுக்குத் தெரிந்தது கையும் காலும். ஆகவே பரியாரியாரின் எண்ணெயும் ஒற்றடமும் கைக்கும் காலுக்கும் சென்றன. அதனை இகழ்வதற்கில்லை. மேனாட்டு வைத்தியரும் நெடுங்காலம் இதனினும் மேலாக எதனையும் செய்தாரல்லர். நோய் இருக்குமிடம் தலை என்பதனை, இறந்தோரின் மூளையை அறுத்துப் பார்த்து, 1658ஆம் ஆண்டில் நூலாக எழுதியவர் சுவிற்சர்லாந்து தேசத்து வைத்தியர் வெப்பர். மூளைக்குள் இரத்தம் கசிந்து உறைந்திருந்ததை அவர் கண்டார். குழாய் வெடித்து இரத்தம் கசிவது ஒரு வகை. குழாய் அடைபட்டு இரத்தம் செல்லாதொழிவது மற்றொரு வகை. இரண்டிலும் வாய் கோணும், கை தொய்யும், பேச்சுக் குழறும். வெளியில் நின்று பார்ப்பவரால் இன்ன வகையென்று துணிய இயலாது. இதனை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டும். பின்னர் இதற்குத் தேவை வரும்.

இந்நோய் வருமுன் அறியத்தக்கதா? 1896இல் இத்தாலிய வைத்தியர் ரிவா-ரொச்சி மேற்கையிற் கட்டும் பட்டியை அமைத்தார். 1905இல் இரசிய வைத்தியர் கொரொற்கோவ், அப்பட்டிக்குக் கீழே காதுக்குழலை வைத்துக் கேட்கும் முறையை வெளியிட்டார். நம்மூரார் ‘பிரஷர் பார்ப்பது’ என்று சொல்வது இதனைத்தான். கருவி கிடைத்தது, ஆனால் அது காட்டிய எண்ணை என்செய்வது என்று தெரியவில்லை. உயர்ந்த இரத்த அமுக்கம் முதுமைக்கு இயல்பு, அதைக் குறைத்தால் தீங்கு வரும் என எண்ணிய பெரும் வைத்தியர் பலர். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ற் 1944 மார்ச்சிலேயே 186க்கு 108 என்ற அமுக்கத்தோடு இருந்தார். உலகின் சிறந்த வைத்தியர் சூழ இருந்தும், 1945 ஏப்பிரல் 12ஆந் திகதி மூளையில் இரத்தம் கசிந்து மாண்டார். அன்று அளந்த அமுக்கம் 300க்கு 190. நமது நாட்டின் முதற் பிரதமர் டீ. எஸ். சேனநாயக்க 1952 மார்ச்சில் காலிமுகத்திடலிற் குதிரையிலிருந்து விழுந்து மறுநாள் இறந்ததற்கும் இந்நோயே காரணம் எனப்படுகின்றது. அரச மாளிகையும் அந்நாளில் இந்நோய்க்குக் காவலாகவில்லை.

முதற் பயனுள்ள மருந்துகளுள் ஒன்று நம் பக்கத்துக் காட்டுச்செடியிலிருந்து வந்தது. சர்ப்பகந்தி என்னும் அச்செடியின் வேரைப் பாம்புக்கடிக்கும் சித்தப்பிரமைக்கும் நாட்டு வைத்தியர் வழங்கி வந்தனர். பம்பாயில் வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல், அவ்வேர் இரத்த அமுக்கத்தைத் தணிப்பதை 1949இல் பிரித்தானிய இதய வைத்தியச் சஞ்சிகையிலே எழுதினார். 1952இல் சுவிற்சர்லாந்தில் அதன் சாரமான ரெசர்ப்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அமெரிக்காவில் எட்வேட் பிரீஸ் என்பார், முன்னாட் போர்வீரரிடையே, ரெசர்ப்பினையும் வேறு இரு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்துச் சோதித்தார். 1970இல் வெளிவந்த முடிவிலே, மருந்து பெற்ற 186 பேருள் ஐவருக்கும், வெற்றுக் குளிசை பெற்ற 194 பேருள் இருபதின்மருக்கும் மூளைத்தாக்கம் நேர்ந்திருந்தது. நூற்றாண்டுகளாக விதியென்று விடப்பட்ட நோயைக் குளிசையாற் பெரும்பாலும் தடுக்கலாம் என்பது அன்று தெளிவாயிற்று. ரெசர்ப்பின் மனச்சோர்வை உண்டாக்கும் என்ற அச்சத்தாற் பின்னர் ஒதுக்கப்பட்டது. அதனினும் ஏற்ற மருந்துகள் வந்தன.

நோய் வந்த பின் செய்வதோ வெகுநாட் பின்தங்கியிருந்தது. கசிவா, அடைப்பா என்பதனை உயிரோடு இருப்பவரிடம் காண இயலாமையே தடை. 1971இல் இலண்டனில் ஹவுன்ஸ்பீல்ட் அமைத்த கதிர்ப்படக் கருவி, மண்டையைத் திறவாமலே மூளையைக் காட்டிற்று. அதன்மேலேயே 1995ஆம் ஆண்டின் ஆராய்ச்சி நின்றது: அடைப்பு நோயாளருக்கு மூன்று மணி நேரத்துக்குள் கட்டி கரைக்கும் ஊசி ஏற்றினால், ஊனமின்றி மீள்வோர் தொகை கூடுகின்றது. 2008இல் அவ்வெல்லை நாலரை மணி ஆயிற்று. 2015இல், தொடைக் குழாய்வழியே நுண்ணிய கம்பியைச் செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் முறை உறுதிப்பட்டது. கசிவு நோயாளருக்கு அந்த ஊசியை ஏற்றினாலோ உயிருக்கே ஆபத்து. ஆதலாற் படம் பாராமல் ஊசி இல்லை. வீட்டிலே வாய் கோணியவருக்கு அஸ்பிரின் கொடுத்து ஆறியிருப்பதும் தகாது. இரத்தம் தடைப்பட்ட மூளையில் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன என்பது 2006இல் வெளியான கணக்கு.

இனிக் குச்சவெளிக்குத் திரும்புவோம். நாலரை மணி என்பது தாராளமான காலமாகத் தோன்றும். ஆயினும், அது தொடங்குவது நோயாளி நலமாயிருந்ததாகக் கடைசியாகக் கண்ட நேரத்திலிருந்து. இரவு படுக்கும்போது நலமாயிருந்து விடியலிற் கை தூக்க மாட்டாதவருக்கு, விழிக்குமுன்னரே அக்காலம் கழிந்திருக்கலாம். ‘சற்றே படுத்தெழும்பினால் மாறும்’ என்று சொல்லி ஒரு மணி போக்குவதும், உறவினர் வரட்டும் என்று மற்றொரு மணி போக்குவதும் நம்மிடையே இயல்பு. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வண்டி வரும் ஏற்பாடு 2016இல் தென்மேற்கே தொடங்கிப் பின் நாடெங்கும் பரந்தது. வண்டி விரைந்து வரலாம்; அழைப்பவர் தாமதித்தால் வண்டியாற் பயனில்லை.

ஆதலின், தொலைக் கிராமத்துக்கு ஊசியினும் பட்டியே பெரிது என்பது என் துணிபு. இதற்கு நமது நாட்டிலேயே சான்று உண்டு. இலங்கை ஆஸ்பத்திரிக் கிளினிக்குகளில் 700 பேரைச் சேர்த்து நடந்த ஆராய்ச்சி ஒன்று 2018இல் வெளிவந்தது. மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாக்கிக் கொடுத்தபோது, ஆறு மாதத்தில் நூற்றுக்கு 70 பேருக்கு அமுக்கம் இலக்குக்கு இறங்கியது. வழக்கமான வைத்தியத்தில் நூற்றுக்கு 55 பேருக்கே இறங்கியது. 2020இல் வந்த மற்றோர் ஆராய்ச்சி இலங்கை, வங்காளதேசம், பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் 30 கிராமப் பகுதிகளில் நடந்தது. அங்கே சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று அமுக்கத்தை அளந்தார்கள், அறிவுரை கூறினார்கள், கூடியவரை வைத்தியரிடம் அனுப்பினார்கள். இரண்டாண்டில், மற்றைப் பகுதிகளைக் காட்டிலும் ஏறக்குறைய 5 அலகு அமுக்கம் குறைந்தது. ஐந்து என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஊர் முழுவதும் ஐந்து குறைந்தால் பாரிசவாதம் குறிப்பிடத்தக்க அளவு அருகும். பெரிய இயந்திரம் ஒன்றும் அங்கே வேண்டியிருக்கவில்லை.

மிஞ்சி நிற்பது உப்பு. நிலாவெளி, குச்சவெளிக் கரை உப்பு விளையும் கரை. கருவாடு காயும் கரை. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு உண்ணுமாறு உலக சுகாதார நிறுவனம் சொல்கின்றது. கருவாட்டுக் குழம்பும் சம்பலும் உண்ணும் வீட்டில் அது எளிதன்று. சீனாவில் 600 கிராமங்களிலே, ஏறத்தாழ 21,000 பேரிடம் வேறு வழியைச் சோதித்தார்கள். உப்பின் நாலிலொரு பங்கை நீக்கி அவ்விடத்தில் பொற்றாசியக் குளோரைட்டைக் கலந்து கொடுத்தார்கள். 2021இல் வெளிவந்த முடிவின்படி பாரிசவாதம் நூற்றுக்கு 14 பங்கு குறைந்தது. சுவையை விடாமலே பயன் பெறலாம் என்பதால் இது நமக்கு ஏற்ற வழியாகத் தோன்றும். ஆனால் அவ்வாராய்ச்சியிற் கடுமையான சிறுநீரக நோயுடையோரைச் சேர்க்கவில்லை. பழுதுற்ற சிறுநீரகம் பொற்றாசியத்தை வெளியேற்ற மாட்டாது, அது மிகுந்தால் இதயம் நின்றுவிடவும் கூடும். குச்சவெளிக்கு மேற்கே, பதவியாவிலும் அதனை அடுத்த உலர்வலயக் கிராமங்களிலும், சிறுநீரக நோய் கமக்காரரிடையே பரந்திருப்பதை நேயர்கள் அறிவார்கள். ஆகையால் அவ்வுப்பை இக்கரையிற் கடைக்குக் கொண்டுவருவதற்கு முன்னர், எவருடைய சிறுநீரகம் நலமாயுள்ளது என்பதையும் கிளினிக்கிற் பார்த்தாக வேண்டும்.