கொம்பை முதலில் போட்டவர்கள்

தமிழ்த்துறை ஆய்வேடுகளின் நன்றியுரைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. நெறியாளர், துறைத்தலைவர், நூலகர், பெற்றோர், கணவர் என்று வரிசையாக இறங்கிவந்து, கடைசி வரியில் ஆய்வேட்டை நேர்த்தியாகக் கணினி அச்சு செய்து தந்த ஒரு மையத்தாருக்கு நன்றி சொல்லி முடியும். மையத்தின் பெயர் இருக்கும். அச்சு செய்தவரின் பெயர் பெரும்பாலும் இராது. கவிதைத் தொகுப்புகளிலும் இதே கதைதான். பதிப்பு விவரப் பக்கத்தில் 'ஒளியச்சு' என்ற சொல்லுக்கு எதிரே ஒரு கடையின் பெயர். 1990களிலிருந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் மதுரையில் எழுதியவர்கள் எந்தக் கருவியைக் கொண்டு எழுதினார்கள் என்று கேட்டால், பேனாவுக்கும் தாளுக்கும் அடுத்தபடியாக நான் சொல்லக்கூடியது, பல்கலை நகரிலும் தல்லாகுளத்திலும் சிம்மக்கல்லிலும் டி.டி.பி. கடைகளில் உட்கார்ந்திருந்த பெண்களின் விரல்களைத்தான்.

கணினித் தமிழின் வரலாறு வேறு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுக்கு விசைப்பலகை வகுத்து, ஜெர்மனியில் பொறியைச் செய்வித்தார். 1978இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. 1980களில் மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டின் வழியாகத் தமிழ் 99 விசைப்பலகை வந்தது. 2010இல், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த அதே ஜூனில், அரசு ஒருங்குறியை ஏற்று ஆணை வெளியிட்டது. எல்லாமே முக்கியமானவை. ஆனால் இந்த வரலாற்றில் கருவியைச் செய்தவர் உண்டு, அதைத் தரப்படுத்தியவர் உண்டு. நாள் முழுக்க அதன்முன் உட்கார்ந்திருந்தவர் இல்லை.

அவர் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து வந்தார். பத்தாம் வகுப்போ பிளஸ் டூவோ முடித்த பெண்ணை, கல்யாணம் கூடிவரும்வரை சும்மா இருக்கவேண்டாம் என்று டைப்புக்கு அனுப்புவது எங்கள் பக்கத்து ஊர்களில் ஏறத்தாழ ஒரு சடங்காகவே இருந்தது. மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் டவுன் பஸ் பிடித்து வந்து, இடக்கை விரல்களை ய, ள, ன, க மேல் வைத்து முதல் பாடம் அடித்தார்கள். தமிழ் லோயர், தமிழ் ஹையர், அப்புறம் இங்கிலீஷ். எல்லார் கண்ணும் அரசுப் பணித் தேர்வின் டைப்பிஸ்ட் இடங்கள்மேல்தான். 1989இல் அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடு வந்ததும் அந்த நம்பிக்கை கூடியது. வேலை கிடைத்தவர்கள் கலெக்டர் ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் போனார்கள். கிடைக்காதவர்கள் வந்து சேர்ந்த இடம் டி.டி.பி. கடை.

பாமினி எழுத்துரு இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இவர்களே காரணம். அதன் விசை அமைப்பு பழைய தட்டச்சுப் பலகையை ஒட்டியது. புதிதாகப் பயிற்சி கொடுக்கவேண்டியதில்லை. இன்ஸ்டிட்யூட்டில் அவர்கள் தம் காசில் கற்றுவந்த வித்தையை முதலாளி அப்படியே கம்ப்யூட்டரில் பூட்டிக்கொண்டார். இந்த வித்தையில் எழுத்து, கண் பார்க்கும் வரிசையில் வரும். 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். ஒருங்குறியிலோ ஒலியின் வரிசை: முதலில் க், பின்னால்தான் ஒகரம். திருப்பரங்குன்றத்தில் இருபத்திரண்டு வருஷம் இந்த வேலை பார்த்த ஒருவர் என்னிடம் சொன்னார்: "கொம்பை மொதல்ல போட்டுப் போட்டே கை பழகிருச்சு மேடம். கையால எழுதறப்பவும் அப்படித்தானே எழுதுறோம்? யூனிகோடுன்னு வந்ததும் தலகீழாப் போச்சு." என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் பாமினி, பழைய தட்டச்சு முறைகளையும் சேர்த்தே கொடுத்ததால்தான் அவர் கை பிழைத்தது. தமிழ் 99 அறிவியல்பூர்வமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை; உயிர் ஒரு கையிலும் மெய் ஒரு கையிலும் வரும் அந்த அமைப்பை நானே பயன்படுத்துகிறேன். ஆனாலும் ஒரு தலைமுறைப் பெண்களின் கைப்பழக்கம் மாநாட்டுத் தீர்மானத்தால் மாறிவிடாது.

அவர்கள் அடித்தது மட்டுமா? பேராசிரியர்களின் கையெழுத்தைப் படிப்பதே தனிக் கலை. யார் 'ற'வை 'ர' மாதிரி எழுதுவார், யார் ஒற்றை விட்டுவிடுவார், யாருக்கு நூற்பா எண் தப்பும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று வகுப்பில் நாங்கள் ஒரு பருவம் முழுக்க நடத்துவதை, ஆயிரக்கணக்கான பக்கங்கள் கண்ணில் ஓடியே அவர்கள் கற்றிருந்தார்கள். முனைவர் பட்டம் பெற்ற எத்தனையோ பேரின் ஒற்றுப்பிழைகள், தொலைநிலைக் கல்வியில் பட்டம் முடிக்கப் போராடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கையில் சத்தமில்லாமல் சரியாகின. கூலி பக்கக் கணக்கில். திருத்தத்துக்குக் கணக்கு இல்லை. மூன்று புரூஃப் போனாலும் அதே பக்கக் கூலிதான்.

ஆங்கிலத்தில் 'டைப்ரைட்டர்' என்ற சொல் தொடக்கத்தில் பொறியையும் குறித்தது, அதில் வேலைசெய்த ஆளையும் குறித்தது. ஆள் பெரும்பாலும் பெண். ஹென்றி ஜேம்ஸ் தன் பிற்கால எழுத்துகளைச் சொல்லச் சொல்ல, தட்டச்சில் இறக்கியவர் தியோடோரா போசன்கெட். 1907 முதல் ஜேம்ஸ் இறக்கும்வரை. பிறகு அந்த வேலையைப் பற்றித் தானே ஒரு நூல் எழுதினார். வர்ஜீனியா உல்ஃபும் அவர் கணவரும் நடத்திய ஹோகார்த் பிரஸ் அதை 1924இல் வெளியிட்டது. அதே 1924இல்தான் இங்கே வை.மு. கோதைநாயகி அம்மாளின் முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகம் வந்தது. எழுதப் பழகாத கோதைநாயகி சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். பட்டம்மாள் பெயர் நமக்குத் தெரிகிறது. நூறு ஆண்டு பழைய எழுத்துப் பிரதிக்கு உதவிய பெண்ணின் பெயர் தெரியும்போது, 2005இல் அச்சான தொகுப்பை அடித்தவர் பெயர் தெரியவில்லை என்பது விசித்திரம்தான்.

பெயர் போடும் வழக்கம் தமிழில் இல்லாமலும் இல்லை. சங்கம் இருந்த ஊர் என்பதால் நம் ஊர்ப் பெயரையே சூடிக்கொண்டு, 1998 பொங்கலன்று தொடங்கியது மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் தொடங்கி, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டார்கள். அந்த மின்னூல்களைத் திறந்தால், நூலுக்கு முன்னால், உள்ளிட்டவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று பெயர்கள் வரும். கூலி வாங்காமல் அடித்தவருக்குப் பெயர் உண்டு. கூலிக்கு அடித்தவருக்கு இல்லை.

பெண் எழுத்தாளருக்கு இந்தக் கடை இன்னொரு விதத்தில் முக்கியம். மதுரை - திருச்சி சாலையிலுள்ள துவரங்குறிச்சியில் வீட்டுக்குள் இருந்து ஒளித்து எழுதிய சல்மாவின் பிரதிகளை, வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர் தாய். வீட்டைத் தாண்டிய பிரதி அடுத்து வந்து நிற்கும் இடம் யாரோ ஒருவரின் திரை. 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' வந்து கூச்சல் எழுந்த காலத்துக்குப் பின் எழுதத் தொடங்கியவள் நான். என் கவிதை ஒன்றில் அதே சொல் இருந்தது. கடைக்காரர் அதை 'மார்பு' என்று மாற்றச் சொல்லியிருக்கிறார். நாலு பேர் வந்துபோகிற கடையாம். எனக்கு வந்த புரூஃபில் நான் எழுதிய சொல்லே இருந்தது. அடித்த பெண், அவர் வீட்டுக்குப் போனபிறகு திரும்ப மாற்றியிருக்கிறார். "நீங்க எழுதுனது இதுதானே மேடம்" என்று மட்டும் கேட்டார். பெண் கவிதைமொழி பற்றி அந்த ஆண்டுகளில் நடந்த கருத்தரங்குகள் பலவற்றில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த ஒரு விசைமாற்றத்துக்குச் சமமாக ஒன்றும் நினைவில் இல்லை.

அந்தத் தொகுப்பின் கோப்பு இன்று திறக்காது. திறக்கும், படிக்க முடியாது. பாமினியில் 'பெண்' என்று அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், திரையில் ஆங்கில எழுத்துகள் வரும்: என், ஜி, இசட், ஓர் அரைப்புள்ளி. 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, மறுபடி அரைப்புள்ளி. கோப்புக்குள் தமிழ் இருந்ததே இல்லை. ஆங்கிலக் குறிகளுக்குத் தமிழ் முகம் மாட்டியிருந்தோம். பாமினிக்கு ஒரு முகம், ஸ்ரீலிபிக்கு ஒன்று, அரசு அலுவலகங்களில் புழங்கிய வானவில் அவ்வையாருக்கு வேறொன்று. (எழுத்துருக்களுக்குப் பெண் பெயர் வைக்க நமக்கு ஒருபோதும் தயக்கம் இருந்ததில்லை.) பேஜ்மேக்கர் கடைசிவரை ஒருங்குறி அறியாத மென்பொருள். அதில் வடிவமைத்த புத்தகங்களும் ஆய்வேடுகளும் குறுந்தகடுகளில் கிடக்கின்றன. அவற்றிலிருந்து எடுத்த பிடிஎஃப்பில் கண்ணுக்குப் பெண் தெரிவாள், தேடினால் கிடைக்கமாட்டாள்.

ஒருங்குறி எங்களை விடுவித்தது. வீட்டிலேயே அடிக்கலாம், கடைக்காரர் முகத்தில் விழிக்கவேண்டாம். செல்போனில் செல்லினம் வந்தபின் பிள்ளை தூங்கியபிறகு இருட்டில் படுத்தபடியே எழுதலாம். மதுரைக்காரரான நீச்சல்காரனின் 'நாவி' சந்திப்பிழை சொல்லும், 'வாணி' எழுத்துப்பிழை காட்டும். என் மாணவிகள் இரண்டையும் பயன்படுத்துகிறார்கள். 2017இல் கூகுளின் குரல்வழித் தட்டச்சும் தமிழுக்கு வந்தது. ஆனால் அடிப்பது, திருத்துவது, கோப்பைக் காப்பது என்று முன்பு இன்னொரு பெண் செய்த வேலை முழுவதும் எழுதுகிறவளின் இராத்திரிக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. அந்த இன்னொரு பெண்ணின் வேலையும் போய்விட்டது. டி.டி.பி. கடைகள் ஆன்லைன் சர்வீஸ் கடைகளாகி, ஆதார் திருத்தமும் பரீட்சை விண்ணப்பமும் செய்கின்றன.

பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. இடையில் இருக்கும் ஆங்கிலச் சொற்களையும் தமிழாக்கி அவை உளறும். அது பார்த்தவுடன் தெரிந்துவிடும். தெரியாதது ஔகாரம். பழைய தட்டச்சில் அது கொம்பும் ளகரமும்தான்; தனிக்குறி கிடையாது. மாற்றினால் 'மௌனம்' என்பது மெ, ள, ன என்று உட்கார்ந்துவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், கணினிக்கு வேறு வேறு சொற்கள். 'கௌரி'யும் அப்படியே. இவற்றைப் பிடிக்க, அந்தக் காலத்தில் எதை எப்படி அடித்தோம் என்று கைக்குத் தெரிந்த ஆள் வேண்டும்.

திருப்பரங்குன்றத்துக்காரரிடம்தான் என் கோப்புகளைக் கொடுத்திருக்கிறேன். விண்ணப்பக் கூட்டம் குறைந்ததும், மாலை ஆறு மணிக்கு மேல் நாளைக்குப் பத்துப் பக்கம் பார்க்கிறார். "பக்கத்துக்கு எவ்வளவு அக்கா?" என்று கேட்டேன்.

"மாத்துறதுக்கு ஒரு ரேட்டு, திருத்துறதுக்கு ஒரு ரேட்டு மேடம். ரெண்டும் வேற வேற" என்றார்.