திமிசுக் கட்டையின் பேரப்பிள்ளைகள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு வைத்திருக்கும் யாருக்கும் அந்தச் சத்தம் தெரியும். பக்கத்து வீட்டில் கார் போர்ச்சை நீட்டுகிறார்கள். காலையிலேயே ஓர் இரும்புத் தகடு தடதடவென்று அதிரத் தொடங்குகிறது, நம் அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் சேர்ந்து ஆடுகின்றன. ஒருநாள் வாடகைக்கு வந்த அந்தக் கம்பேக்டருக்குப் பின்னால் ஒரு யானைக் கூட்டமும், ஓர் ஆட்டு மந்தையும், கல்கத்தா நகராட்சியும், கலிபோர்னியாவில் உடைந்த ஓர் அணையும் வரிசையாக நிற்கின்றன.

கதையைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் அனுராதபுரத்தில் தொடங்கலாம். எல்லாளனை வென்ற துட்டகாமணி, ருவன்வெலிசாய என்னும் பெருந்தூபிக்கு அஸ்திவாரம் தோண்டினான். குழியில் உருண்டைக் கற்களைக் கொட்டி, சம்மட்டியால் நொறுக்கி, பாதங்களில் தோல் கட்டிய யானைகளை இறக்கி மிதிக்கவிட்டான் என்கிறது மகாவம்சம். கல்லை நொறுக்கு, பரப்பு, கனமான ஒன்றை மேலே நடக்கவிடு. இன்று கோலாலம்பூர்க் குத்தகையாளர் ‘கிரஷர் ரன்’ என்னும் நொறுக்கிய கல் கலவையைக் கொட்டிச் செய்வதும் இதையேதான். என்ன, யானைக்குப் பெட்ரோல் ஊற்ற வேண்டியதில்லை.

யானை இல்லாதவர்கள் கையை நம்பினார்கள். சீனாவில் பலகைகளுக்கு நடுவே மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி இடித்தே கோட்டைச் சுவர்களை எழுப்பினார்கள். ஃபூஜியான் மலைகளில் ஹக்கா மக்கள் கட்டிய பல மாடி வட்ட வீடுகளும் இடித்த மண்தான். 2008ல் அவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. தமிழ்நாட்டில் தரையை இறுக்கத் திமிசுக் கட்டை. மாடித் தளத்துக்குச் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் பரப்பி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை நடுநடுவே தெளிப்பார்கள். பொறியாளர்கள் இதை ‘மெட்ராஸ் டெரஸ்’ என்றார்கள். மெல்லிய அடுக்கு, அளவான ஈரம், நிறைய அடி என்ற மூன்று விதிகளும் அந்தப் பெண்களுக்குக் கைப்பழக்கம். அவற்றை அளந்து எழுதிவைக்க உலகம் 1933 வரை காத்திருந்தது.

ஐரோப்பாவில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஜல்லிச் சாலைக்குத் தன் பெயரையே கொடுத்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மெக்காடம், உடைத்த கல்லைப் பரப்பியதோடு சரி. இறுக்கும் வேலையைப் போகிற வருகிற வண்டிச் சக்கரங்களிடம் விட்டுவிட்டார். பயணிகளே சாலையைப் போட்டு முடித்தார்கள் என்று சொல்லலாம். பிறகு குதிரை இழுக்கும் உருளைகள் பரவின. 1859ல் பிரான்ஸில் லூயி லெமுவான் நீராவி உருளைக்குக் காப்புரிமை பெற்றார். 1863ல் கல்கத்தா நகராட்சிப் பொறியாளர் வில்லியம் கிளார்க், பாத்தோ என்பவரோடு சேர்ந்து வேறொன்றை வடிவமைத்தார். பணம் பார்த்தவரோ மூன்றாம் ஆள்: இங்கிலாந்தின் ராச்செஸ்டரைச் சேர்ந்த தாமஸ் ஏவ்லிங். முன்னங்கால் தூக்கி நிற்கும் கென்ட் குதிரைச் சின்னத்தோடு அவருடைய உருளைகள் கடல் கடந்து விற்றன.

இந்தப் பக்கம் கோலாலம்பூரை 1881ல் முதலில் நெருப்பு தின்றது; அதே ஆண்டு வெள்ளமும் வந்தது. ஓலைக்கும் பலகைக்கும் பதிலாக இனிச் செங்கல்லும் ஓடும்தான் என்று முடிவெடுத்தார் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஃபிராங்க் சுவெட்டன்ஹம். சீனர்களின் கப்பித்தான் யாப் ஆ லோய் செங்கல் தொழிலைத் தொடங்கினார். அவரும் ஒரு ஹக்கா. மண்ணை இடித்துச் சுவராக்கிய சமூகத்துக்காரர், மண்ணைச் சுட்டு ஒரு நகரத்தைக் கட்டப் புறப்பட்டார். களிமண் தோண்டிச் சூளை வைத்த வட்டாரம்தான் பிரிக்பீல்ட்ஸ்.

1886ல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் புக்கிட் கூடா வரை ரயில் ஓடியது. பிரிக்பீல்ட்ஸ் மெல்ல மெல்ல ரயில்வேக்காரர்களின் குடியிருப்பானது: அலுவலக மேசையில் யாழ்ப்பாணத் தமிழர், தண்டவாளத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர். சிலிப்பர் கட்டைகளுக்கு அடியில் ஜல்லியைக் குத்தி இறுக்குவது அவர்களின் அன்றாட வேலை. அது தளர்ந்தால் தண்டவாளம் இறங்கும், ரயில் ஆடும். பொதுப்பணி இலாகாவின் சாலைகளில் கல் பரப்பிய கைகளிலும் பெரும்பகுதி தமிழ்க் கைகளே. இந்தப் பள்ளத்தாக்கில் மண்ணை இறுக்குவது நம்மவர்களுக்குப் பரம்பரைத் தொழில் என்றே சொல்லலாம்.

அடுத்த தாவல் தென் கலிபோர்னியாவுக்கு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிளறிப்போட்ட சாலை மண்ணில் ஓர் ஆட்டு மந்தை நடந்து போக, அதன் குளம்புகள் உருளையைவிட நன்றாக மண்ணை இறுக்கியதை ஒரு குத்தகையாளர் கவனித்தார் என்பது தொழில்காரர்கள் சொல்லும் கதை. மரத்துண்டில் தண்டவாள ஆணிகளை அடித்து உருட்டிப் பார்த்தார்களாம். கதை எப்படியோ, கட்டை கட்டையாகக் கால் முளைத்த ‘ஆட்டுக்கால் உருளை’ களிமண் அணைகளுக்கு இன்றியமையாததாயிற்று. 1928ல் அங்கே செயின்ட் பிரான்சிஸ் அணை உடைந்து 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பின் பூக்கே கேன்யனில் மண் அணை கட்டிய பொறியாளர் ரால்ஃப் பிராக்டர், 1933ல் தன் சோதனையை வெளியிட்டார். ஒவ்வொரு மண்ணும் ஒரு குறிப்பிட்ட ஈரத்தில்தான் அதிகபட்சமாக இறுகும். அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் உழைப்பு வீண். கடுக்காய்த் தண்ணீர் தெளித்த பெண்களுக்கு இது புதுச் செய்தியாக இருந்திருக்காது.

ராட்சத இயந்திரங்களை வீட்டு வாசலுக்குள் நுழையும் அளவுக்குச் சுருக்கிய பெருமை ஜெர்மானியர்களுக்கு. 1930ல் வாக்கர் நிறுவனம் திமிசுக் கட்டைக்கு மின்மோட்டார் பொருத்தியது. டெல்மாக் நிறுவனத்தின் ‘தவளை’ உள்ளே எரிபொருள் வெடிக்க, தானே துள்ளித் துள்ளிக் குத்தியது. லோசன்ஹௌசன் தொழிற்சாலை மண்ணை அடிக்காமல் அதிரவைத்தது. 1957ல் போமாக் இரட்டை அதிர்வு உருளையைக் கொண்டுவந்தது. ஜப்பானின் மிக்காசா இந்தச் சந்தையில் தனக்கென ஓர் இடம் பிடித்தது. 1983ல் ஹோண்டாவின் ஜி.எக்ஸ். எஞ்சின் வந்தது, சீனத் தொழிற்சாலைகள் அதை அச்சு அசலாக நகலெடுத்தன. கம்பேக்டர் சிறு குத்தகையாளருக்கும் எட்டும் விலைக்கு இறங்கியதில் அந்த நகல்காரர்களுக்கும் பங்குண்டு.

ஆக, வாடகைக் கடையில் நிற்பவை வெவ்வேறு மண்ணுக்காகப் பிறந்தவை. தகடு நிமிடத்துக்கு 5,000 முறைக்கு மேல் அதிரும். மணலும் கிரஷர் ரன்னும் அந்த நடுக்கத்தில் பிடி தளர்ந்து நெருங்கி உட்காரும். இன்டர்லாக் கல் பதிக்கவும் இதுவே பொருத்தம். களிமண் அதிர்ந்து நெருங்குகிற ரகமில்லை. அதன் துகள்கள் ஒட்டிக்கொண்டிருப்பதால் குத்திப் பிசைய வேண்டும். அதற்கு நிமிடத்துக்கு 600 முறைக்கு மேல் துள்ளும் 60, 70 கிலோ ‘ராமர்’ (rammer) என்னும் குத்து இயந்திரம் வேண்டும். குழாய்ப் பள்ளத்துக்கும் சுவர் மூலைக்கும் அதன் ஒடுங்கிய பாதம் வசதி. நீளமான பாதைக்குப் பின்னால் நடந்து ஓட்டும் சிறு உருளை. பிரிக்பீல்ட்ஸில் செங்கல்லுக்குப் பிடித்த மண் இருந்தால் அது தகட்டுக்குப் பிடிக்காத மண். சன்வே போன்ற பழைய ஈயச் சுரங்க வட்டாரங்களில் மணல் கிடைத்தால் தகடு மகிழும். அதற்கடியில் சுரங்கச் சேறு இருந்தால் மேல் அடுக்கு இறுகி என்ன பயன்?

எதை எடுத்தாலும் சிறு தகட்டுக்கு 4 முதல் 6 அங்குல அடுக்குக்கு மேல் கொட்டக்கூடாது. மண்ணை ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள். உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்கவும். உள்ளங்கை நனைந்தால் காயவிடவும். உருண்டையாக நின்று, கீழே போட்டால் சில துண்டுகளாக உடைந்தால் இயந்திரத்தைக் கிளப்பலாம். பிற்பகல் மழை தவறாத கோலாலம்பூரில் நனைந்த களிமண்ணை இறுக்க அவசரப்படுவது வாடகையை வீணாக்கும் வேலை.

கிள்ளானில் மட்டும் இந்தக் குடும்பம் மொத்தமும் கையை விரித்துவிடும். அங்கே பல இடங்களில் மென்மையான கடல் களிமண் 20 மீட்டரைத் தாண்டிக் கிடக்கிறது. கம்பேக்டர் விரட்டுவது மண்ணிலுள்ள காற்றைத்தான். கடல் களிமண்ணில் நிறைந்திருப்பது தண்ணீர். அது மேலுள்ள பாரத்தால் ஆண்டுக்கணக்கில் மெதுவாகவே கசியும் என்று கார்ல் டெர்சாகி 1925லேயே கணக்குப் போட்டுக் காட்டினார். அதனால்தான் பைல் அடித்த வீடு அசையாமல் நிற்க, அதை ஒட்டிய கார் போர்ச் மட்டும் கீழே இறங்குகிறது. நெடுஞ்சாலை போடுகிறவர்கள் மண் மேட்டைப் பாரமாக ஏற்றி, வடிகால் பட்டைகளைச் செருகிக் காத்திருப்பார்கள். வீட்டுக்காரருக்கு அந்த வசதி இல்லை. அவர் கான்கிரீட்டுக்குப் பதில் இன்டர்லாக் கல் பதிப்பது புத்திசாலித்தனம்: தரை இறங்கும்போது கல்லைப் பெயர்த்து, மணல் சேர்த்து, தகட்டை இன்னொரு நாள் வாடகைக்கு எடுத்து மறுபடி பதித்துக்கொள்ளலாம்.