பதற்ற நோய்களைப் பகுத்தறிந்த வரலாறு: சேலம், நாமக்கல் சமவெளியை முன்னிட்டு ஓர் ஆய்வு

அச்சம் என்னும் மெய்ப்பாட்டுக்கு நிலைக்களன் நான்கென வகுத்த தொல்காப்பியர், தெய்வத்தையும் விலங்கையும் கள்வரையும் தம் அரசனையும் எண்ணிச் சொன்னாரேயன்றி, அஞ்சத்தக்க பொருள் எதுவும் எதிரே இல்லாதபோது எழும் அச்சத்தைச் சொன்னாரில்லை; மெய்ப்பாட்டியல் இலக்கண நூலின் பகுதியாதலின் அதனை அங்கே தேடுவதும் முறையன்று. ஆயினும், பொருளுள்ள அச்சத்தினின்று பொருளற்ற அச்சத்தைப் பிரித்துணர்வதே பதற்ற நோய்களைப் பற்றிய அறிவின் சரித்திரத்தில் ஆதாரமான பிரச்சினை என்பது என் துணிபு. அகத்தியர் பெயரால் வழங்கும் கிரிகை நூல் சித்தக் கோளாறுகளை 18 வகையாகப் பகுத்தது, பிரித்துணரும் முயற்சி நம்மவர்க்கும் புதிதன்று என்பதைக் காட்டும்.

நாமக்கல் 1997 வரை சேலம் ஜில்லாவினுள் அடங்கியிருந்தது. அந்த ஜில்லாவின் ஜனங்களுக்கு வெகுகாலம் எட்டாத தூரத்திலிருந்த சென்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி, 1794-இல் தோன்றி 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறிற்று. அறிவு திரிந்தவர்க்கே அது உரியதாயிருந்தபடியால், நள்ளிரவில் நெஞ்சு படபடத்து மூச்சடைத்து உயிர் போகிறதென்று கூவி, சிறிது நேரத்தில் தெளிந்து, விடிந்ததும் ஏர் பிடிக்கச் செல்லும் குடியானவனுக்கு அங்கே இடமில்லை. அவன் பூசாரியிடம் திருநீறு பெற்றான். மந்திரித்த கயிறு கட்டிக்கொண்டான். அவ்வழக்கத்தை இகழ நமக்கு உரிமையில்லை. அவன் துன்பத்தை மெய்யென்று ஏற்றுச் செவிசாய்த்த இடம் பெரும்பாலும் அதுவாகவே இருந்தது.

அதே 1871-ஆம் ஆண்டில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிப்பாய்கள் பலருக்கு இருதயத்தில் குறையேதும் புலப்படாமலே படபடப்பும் மார்வலியும் உண்டானதை டகோஸ்டா என்னும் வைத்தியர் விவரித்தார். 1895-இல் பிராய்டு, நரம்புத் தளர்ச்சி என்ற பொதுப்பெயருக்குள் அடைபட்டிருந்த பதற்றத்தைத் தனியொரு வியாதியாகப் பிரித்தார். எனினும் அப்பிரிவு வெகுகாலம் பிளவுபடாத ஒன்றாகவே நின்றது.

அதைப் பிளந்தது ஒரு மருந்து. நியூயார்க்கின் ஹில்சைடு ஆஸ்பத்திரியில் டொனால்டு கிளைன் என்பவர், அப்போது புதிதாயிருந்த இமிப்ரமின் என்னும் மருந்தைப் பதற்ற நோயாளிகள் சிலருக்குக் கொடுத்தார். சில வாரங்கள் சென்றபின்னும் நோயாளிகள் தங்களுக்குக் குணமில்லையென்றே முறையிட்டனர். ஆனால், செத்துப்போகிறேன் என்று நாள்தோறும் பலமுறை தங்களிடம் ஓடிவந்துகொண்டிருந்தவர்கள் இப்போது ஓடிவருவதில்லை என்பதை உடனிருந்த தாதியர் கண்டனர். திடீரென மூண்டெழும் பீதியை மருந்து அடக்கிற்று. அடுத்த பீதி எப்போது வருமோ என்னும் ஏக்கத்தையோ அது தொடவில்லை. ஆகவே இரண்டும் வேறென்று கிளைன் 1964-இல் எழுதினார். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் பீதி நோயையும் பொதுப் பதற்ற நோயையும் தனித்தனியே வைத்தது. பண்டிதர்களின் தர்க்கத்தினால் மாத்திரமன்றி, நோயாளியின் அருகிலிருந்தவர்களின் கண்களாலும் இந்தப் பாகுபாடு பிறந்தது என்பது நன்றியோடு நினைக்கத்தக்கது.

இதனை நம் சமவெளியின் வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்காவிடில் ஏட்டுச் சுரைக்காயாகவே நின்றுவிடும். கொல்லிமலைப் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிய மாத்திரத்தில் நடுங்கி அப்பயணத்தையே தவிர்ப்பவர், மற்றெங்கும் இயல்பாயிருப்பின், அவருடையது குறித்த பொருளைப் பற்றிய அச்சநோய். பள்ளிபாளையத்து விசைத்தறியாளர் ஒருவர் நூல் விலை, வாங்கிய கடன், மகளின் கல்யாணம் எனக் கவலையிலிருந்து கவலைக்குத் தாவி, ஆறு மாதத்துக்கு மேலாக உறக்கமும் அமைதியும் இழந்து உழல்வாராயின், அது பொதுப் பதற்ற நோய். ராசிபுரத்து விடுதிப் பள்ளி மாணவன் பரீட்சைக்கு அஞ்சுவது இயற்கை. வகுப்பில் எழுந்து பேச நேரும்போதெல்லாம் பிறர் இகழ்வரென்று குன்றிப்போய், அந்தச் சந்தர்ப்பங்களையே விட்டு விலகுவானாயின், அது சமூக அச்சநோய். நாமக்கல் லாரி ஓட்டுநருக்கு நேரான சாலையில் யாதொரு காரணமுமின்றிப் பீதி மூண்டு, சில நிமிஷங்களில் உச்சத்தையடைந்து, பின் தணிந்து, மீண்டும் மீண்டும் வருமாயின் அது பீதி நோய். அதற்கு அஞ்சி அவர் ஸ்டீயரிங்கைத் தொடவும் பஸ் ஏறவும் மறுப்பாராயின், தப்ப வழியில்லாத இடங்களைப் பற்றிய அச்சமும் உடன் சேர்ந்தது எனலாம். இருதயத் துடிப்பைச் சாவின் அறிகுறியாகத் தவறாகப் பொருள்கொள்வதே பீதியை வளர்க்கிறது என்று உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-இல் நிறுவ முற்பட்டதன் விளைவாக, அப்பொருள்கோளைத் திருத்தும் பேச்சுச் சிகிச்சை வலுப்பெற்றது.

சேலத்தில் மருத்துவக் கல்லூரி தோன்றியதும் அதே 1986-இல்தான். ஆயினும் இன்றும் நோயாளி வைத்தியரிடம் பயத்தைச் சொல்வதில்லை. "நெஞ்சு படபடங்குது, கையுங்காலும் ஒதறுது" என்று உடம்பையே சொல்கிறார். தைராய்டு மிகுதியும், இரத்தசோகையும், மதுவை நிறுத்தியோர்க்கு வரும் நடுக்கமும் இதே வேஷத்தில் வருவதால், ஈ.சி.ஜி.யும் இரத்தப் பரிசோதனையும் முடிந்த பின்னரே பதற்றத்தின் வகையை ஆராய்தல் முறை. பிழை நேர்வது பெரும்பாலும் அதற்குப் பின்னர்தான்: பரிசோதனை சுத்தமாயிருந்ததும் "ஒன்றுமில்லை" என்று கூறி அனுப்பிவிடுகிறார்கள். தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015–16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, பதற்றம் போன்ற பொதுவான மனநோய்களுக்கு ஆளானோரில் 100-க்கு 85 பேர் சிகிச்சை பெறவில்லை எனக் கண்டது. "ஒன்றுமில்லை" என்னும் அந்த ஒரு சொல்லுக்கும் இதில் பங்குண்டு என்பதே என் அபிப்பிராயம். 2022 முதல் 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. முதன்முறையாக மார்வலி கண்டவர் மாத்திரம் அதற்கு முன்னர் ஆஸ்பத்திரிக்கே செல்ல வேண்டும்.