கலிபோர்னியாவில் நன்னடத்தைக் கண்காணிப்புப் பணி

கலிபோர்னியாவில் நன்னடத்தைக் கண்காணிப்பு என்பது, குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்ட ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல், நீதிமன்றம் விதிக்கும் நிபந்தனைகளுடன் சமூகத்தில் வாழவிட்டு, நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் வைக்கும் முறை ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் இம்மாநிலத்தில் வயது வந்தோருக்கான இப்பணியை மாநில அரசு நேரடியாக நடத்துவதில்லை. கவுண்டி எனப்படும் 58 உள்ளாட்சிப் பிரிவுகளே நடத்துகின்றன. மாநிலச் சிறைகளின் செலவை மாநில அரசும், கண்காணிப்புச் செலவைக் கவுண்டிகளும் ஏற்று வந்ததால், நிதிப் பங்கீடு இப்பணியின் தன்மையைத் தீர்மானிக்கும் முதன்மைக் காரணியாக உள்ளது.

நிருவாகம்

ஒவ்வொரு கவுண்டியிலும் நன்னடத்தைத் துறைக்கு ஒரு தலைமை அலுவலர் உள்ளார். பெரும்பாலான கவுண்டிகளில் இவரை நீதிமன்றம் நியமிக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் போன்ற சிலவற்றில் தேர்ந்தெடுக்கப்பட்ட மேற்பார்வையாளர் அவை நியமிக்கிறது. 1997 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீதிமன்றங்களுக்கான நிதிப்பொறுப்பு மாநிலத்திற்கு மாறியது. ஆனால் நன்னடத்தைத் துறைகள் கவுண்டிகளிடமே விடப்பட்டன. இதனால் பல இடங்களில் தலைமை அலுவலரை நியமிப்பவர் ஒருவராகவும், துறைக்குப் பணம் ஒதுக்குபவர் வேறொருவராகவும் உள்ளனர்.

பணியாளர்

தண்டனை விதிக்கப்படுமுன் குற்றவாளியின் பின்னணி குறித்து நீதிபதிக்கு அறிக்கை அளித்தல், வீட்டிற்குச் சென்று பார்த்தல், போதைப்பொருள் சோதனை செய்தல், வேலைக்கும் சிகிச்சைக்கும் வழிகாட்டுதல், நிபந்தனை மீறலை நீதிமன்றத்திற்குத் தெரிவித்தல் ஆகியன நன்னடத்தை அலுவலரின் பணிகள்.

ஓர் அலுவலரின் பொறுப்பில் எத்தனை பேர் உள்ளனர் என்பது பணியின் தரத்தைத் தீர்மானிக்கிறது. அமெரிக்க நன்னடத்தை மற்றும் பிணைவிடுப்புச் சங்கம் 2006 இல் பின்வரும் அளவுகளைப் பரிந்துரைத்தது:

* தீவிரக் கண்காணிப்பு: ஓர் அலுவலருக்கு 20 பேர்
* நடுத்தர மற்றும் உயர் ஆபத்து: 50 பேர்
* குறைந்த ஆபத்து: 200 பேர்

நிதி குறையும்போது காலியிடங்கள் நிரப்பப்படுவதில்லை. எஞ்சிய அலுவலரிடம் ஆட்களின் எண்ணிக்கை பெருகுகிறது. அப்போது சிகிச்சைக்கு அனுப்பியிருக்கக்கூடிய ஒருவர் நிபந்தனை மீறலுக்காகச் சிறைக்கு அனுப்பப்படும் வாய்ப்பு கூடுகிறது.

நிதி வரலாறு

கலிபோர்னியாவில் நன்னடத்தைச் சட்டம் 1903 இல் இயற்றப்பட்டது. கவுண்டி தன் ஊரவரைக் கண்காணித்தால் செலவு அதனுடையது. சிறைக்கு அனுப்பினால் செலவு மாநிலத்தினுடையது. இம்முரணைப் போக்க, 1965 ஆம் ஆண்டு நன்னடத்தை மானியச் சட்டம், மாநிலக் காவலுக்கு அனுப்பாமல் தவிர்க்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 4,000 டாலர் வரை கவுண்டிக்கு வழங்கியது. விலைவாசி உயர்வுக்கேற்ப இத்தொகை உயர்த்தப்படவில்லை. 1978 இல் இத்திட்டம் முடிவுக்கு வந்தது. அதே ஆண்டில் 13 ஆவது முன்மொழிவு வாக்கெடுப்பில் நிறைவேறிச் சொத்து வரியைக் குறைத்ததால், கவுண்டிகளின் சொந்த வருவாயும் சரிந்தது.

2009 ஆம் ஆண்டுச் சட்டம் பழைய கருத்தைப் புதிய வடிவில் கொண்டுவந்தது. கண்காணிப்பில் தவறிச் சிறை செல்வோர் விகிதத்தைக் குறைக்கும் கவுண்டிக்கு, மாநிலம் மிச்சப்படுத்திய தொகையில் 40 அல்லது 45 விழுக்காடு அளிக்கப்பட்டது. 2006–2008 காலத்தில் 7.9 விழுக்காடாக இருந்த இவ்விகிதம் 2010 இல் 6.1 விழுக்காடாகக் குறைந்தது.

சிறைகளின் நெரிசலை அவற்றின் வடிவமைப்புக் கொள்ளளவில் 137.5 விழுக்காடாகக் குறைக்க வேண்டும் என்ற ஆணையை, 2011 மே மாதம் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2011 அக்டோபர் 1 முதல், கடுங்குற்றமோ வன்முறைக் குற்றமோ பாலியல் குற்றமோ அல்லாதவற்றுக்காகச் சிறை சென்று விடுதலையாவோரின் கண்காணிப்பு கவுண்டிகளுக்கு மாற்றப்பட்டது. இதற்கென விற்பனை வரியிலும் வாகன உரிமக் கட்டணத்திலும் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. 2012 நவம்பரில் நிறைவேறிய 30 ஆவது முன்மொழிவு இந்நிதிக்கு மாநில அரசியலமைப்பின் பாதுகாப்பை அளித்தது.

அண்மைக்கால மாற்றங்கள்

2021 சனவரி 1 முதல் கண்காணிப்புக் காலம், சில விலக்குகள் நீங்கலாக, சிறு குற்றங்களுக்கு ஓராண்டாகவும் பெருங்குற்றங்களுக்கு ஈராண்டாகவும் வரையறுக்கப்பட்டது. கண்காணிக்கப்படுவோரிடமே வசூலிக்கப்பட்டு வந்த மேற்பார்வைக் கட்டணம் 2021 சூலை 1 முதல் நீக்கப்பட்டது.

விமர்சனங்கள்

2011 ஆம் ஆண்டுப் பங்கீட்டில், முன்னர் மிகுதியானோரைச் சிறைக்கு அனுப்பிய கவுண்டிகளே கூடுதல் நிதி பெற்றன என்ற விமர்சனம் எழுந்தது. சேமிப்பில் பங்கு தரும் முறையிலும், முன்பே நன்கு செயற்பட்ட கவுண்டிகளுக்கு மேலும் குறைக்க இடம் இல்லை என்ற சிக்கல் உண்டு. அத்தகைய கவுண்டிகளுக்கெனத் தனி மானியம் 2009 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டது.