தோல் ஷாப்புக்கு உண்டு, பள்ளிக்கூடத்துக்கு இல்லை

போன ஜூன் மாசம், ஸ்கூல் திறக்கிற வாரம். பையனுக்கு நோட்டு, பிரவுன் அட்டை, லேபிள் எல்லாம் வாங்க லாங் பஜார் போயிருந்தேன். அந்த வாரத்தில் அங்கே நடப்பதே கஷ்டம். நேதாஜி மார்க்கெட் பக்கம் வண்டியை விட்டுவிட்டு, கூட்டம் தள்ளுகிற பக்கமாகப் போனேன். கடையில் எனக்கு முன்னால் நின்றிருந்தவர் திரும்பியபோதுதான் தெரிந்தது, என் தங்கையோடு படித்தவர். எம்.எஸ்சி. கணக்கு, பி.எட். ஒரு தனியார் பள்ளியில் 11 வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவர்.

"இப்போ எந்த கிளாஸ் எடுக்கறேம்மா?" என்று கேட்டேன்.

"ஸ்கூலை விட்டுட்டேண்ணா. ஆம்பூர்ல ஷூ கம்பெனி. குவாலிட்டி செக்கிங்ல இருக்கேன்."

என் முகம் மாறியதைக் கவனித்துவிட்டார். "ஏண்ணா அப்படிப் பாக்கறீங்க? இங்க ஓ.டி. பாத்தா காசு வருது. அங்க ஓ.டி.க்கு ஸ்பெஷல் கிளாஸ்னு பேரு வெச்சிருந்தாங்க. அவ்ளோதான் வித்தியாசம்."

வேறு சிலவும் சொன்னார். பள்ளியில் மே மாசம் சம்பளம் கிடையாது. பி.எஃப். பிடிக்கவில்லை. வேலையை விடப்போகிறேன் என்றதும் ஒரிஜினல் சர்டிபிகேட்டைத் திரும்ப வாங்க 4 மாசம் அலைந்திருக்கிறார். கம்பெனியில் மாசம் பிறந்தால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போக மீதி பேங்கில் விழுந்துவிடுகிறது. வாசலுக்கே பஸ் வருகிறது.

வீட்டுக்கு வந்த பிறகும் என் முகம் ஏன் மாறியது என்ற யோசனை விடவில்லை. அவர் நல்ல வேலைக்குத்தான் போயிருக்கிறார். ஆனாலும் "டீச்சர் ஷூ கம்பெனிக்கா?" என்று மனசில் ஒரு சறுக்கல். இந்தக் கட்டுரை அந்தச் சறுக்கலைப் பற்றியது.

முதலில் ஒரு பழைய கணக்கு. மெட்ராஸ் கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ, 1822ல் மாகாணத்தில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள் என்று எல்லா கலெக்டர்களிடமும் விவரம் கேட்டார். வட ஆற்காடும் அதில் உண்டு. வந்த தொகை 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். இந்த அறிக்கைகளைத் தரம்பால் 1983ல் புத்தகமாகக் கொண்டுவந்த பிறகு, வெள்ளைக்காரன் வருவதற்கு முன் நம்மிடம் எவ்வளவு பள்ளி இருந்தது என்ற சண்டைக்குத்தான் எல்லோரும் அதைப் பயன்படுத்துகிறோம். நானும் அதற்காகத்தான் படித்தேன். இந்த முறை வேறு ஒரு வரி கண்ணில் பட்டது. 1826 மார்ச் 10 தேதியிட்ட குறிப்பில் மன்றோ எழுதுகிறார்: ஆசிரியர்களுக்குப் பொதுவாக மாசம் 6, 7 ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை, தகுதியுள்ள ஆட்கள் இந்தத் தொழிலுக்கு வர இந்த வருமானம் போதாது.

அதாவது "வாத்தியார் வேலைக்கு நல்ல ஆள் ஏன் வருவதில்லை" என்ற கேள்விக்கு இந்த மண்ணில் அரசாங்க ஃபைலில் பதில் எழுதி 200 வருஷம் ஆகப்போகிறது. மன்றோ ஒரு தீர்வும் சொன்னார். தாசில்தாரி பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாய், கலெக்டரேட் பள்ளி ஆசிரியருக்கு 15 ரூபாய் அரசே கொடுக்கட்டும் என்றார். அடுத்த வருஷமே அவர் இறந்துபோனார். அந்தப் பள்ளிகளை 1836ல் மூடிவிட்டார்கள்.

அப்படியானால் "டீச்சர் வேலைன்னா நிம்மதி, கவுரவம், பென்ஷன்" என்று நம் அப்பா அம்மாக்கள் சொன்னது எங்கிருந்து வந்தது? தேடிப் பார்த்தால் அது ரொம்பச் சமீபத்திய கதை. காமராஜர் ஆட்சியில் 1955ல்தான் உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கும் பென்ஷன், சேமநிதி, இன்சூரன்ஸ் மூன்றும் சேர்ந்த திட்டம் வந்தது. தனியார் பள்ளிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1973ல். ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனது 1981 ஜூன் 1ல்.

கதவு திறந்த கொஞ்ச நாளிலேயே மூடவும் தொடங்கியது. 1991-92 முதல் புதிதாகத் தொடங்கும் தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் கிடையாது என்றாகிவிட்டது. அதன்பின் திறந்த பள்ளிகளில் டீச்சர் சம்பளம் முழுக்க முழுக்கப் பெற்றோர் கட்டும் ஃபீஸிலிருந்துதான். 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு அரசு வேலைக்கு வந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை. 2012ல் அரசுப் பள்ளிகளுக்கே 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள்: ஓவியம், உடற்கல்வி, தையல், கம்ப்யூட்டர். மாசம் 5,000 ரூபாய்.

1955லிருந்து 2003 வரை எண்ணினால் 48 வருஷம். நாம் "காலங்காலமாக" என்று நினைக்கிற டீச்சர் வேலை, அரை நூற்றாண்டு கூட நிலைக்காத ஒரு இடைவேளை. அதுவும் அரசு, உதவிபெறும் பள்ளிகளுக்கு மட்டும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். எல்லோரும் விட்டுப் போகிறார்கள் என்றால், 2012 ஜூலையில் முதல் டெட் தேர்வை 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏன் எழுதினார்கள்? அந்தத் தேர்வில் பாஸ் ஆனது 2,448 பேர் என்பது வேறு கதை. ஒன்று மட்டும் தெளிவு: கற்பிக்கிற ஆசை தீர்ந்துபோகவில்லை. அரசு வேலை வாசலில் கியூ, தனியார் பள்ளியின் பின்வாசலில் ஆள் வெளியேற்றம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது. இரண்டு இடத்திலும் இருப்பது பெரும்பாலும் ஒரே மாதிரி ஆட்கள்.

சரி, பின்வாசல் வழியாகப் போகிறவர்களுக்குச் சட்டம் என்ன சொல்கிறது? இது எனக்குத் தற்செயலாகக் கிடைத்தது. பாலாற்றுத் தோல் கழிவு பற்றிய 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் எங்க ஊர் பேரே இருக்கும்: வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கு. அதைத் தேடிக்கொண்டிருந்தபோது, அதே வருஷத் தீர்ப்புத் தொகுதிகளில் ஹரியானா பள்ளிகள் சங்கம் போட்ட ஒரு வழக்கு அகப்பட்டது. கேள்வி ரொம்பச் சின்னது: பள்ளி ஆசிரியருக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்துமா? பொருந்தாது என்பது தீர்ப்பு.

1948ல் வந்த அந்தச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். எந்தெந்த வேலைக்கு அரசு குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்க வேண்டும் என்ற பட்டியல். அரிசி மில், பீடி, தோட்டம், கல் உடைப்பு என்று போகிறது. அதில் பேர் சொல்லியே இருக்கிறது, தோல் பதனிடும் தொழில். எங்கள் பக்கத்துத் தோல் ஷாப் தொழிலாளியைச் சுதந்திரம் வந்த அடுத்த வருஷமே சட்டம் கண்டுகொண்டது. டீச்சரை 1996ல்கூடக் கண்டுகொள்ளவில்லை.

இது தனி வழக்கும் இல்லை. 1988ல் சுந்தராம்பாள் வழக்கு. கோவாவில் ஒரு பள்ளியில் வேலை போன ஆசிரியை, தொழிற்தகராறு சட்டப்படி நியாயம் கேட்டார். பள்ளி ஒரு "தொழில்" என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் ஆசிரியர் "தொழிலாளி" இல்லை என்றது. காரணம், கற்பித்தல் உன்னதமான பணி. 2004ல் அகமதாபாத் ஆசிரியர்கள் பணிக்கொடை கேட்டபோதும், சட்டத்தில் உள்ள வரையறைக்குள் ஆசிரியர் வரமாட்டார் என்றே தீர்ப்பு வந்தது. இந்த ஒன்றை மட்டும் பார்லிமென்ட் 2009ல் திருத்தி, 1997 முதல் செல்லும் என்றது. அதை எதிர்த்துப் பள்ளி நிர்வாகங்கள் நடத்திய வழக்கு 2022ல்தான் தள்ளுபடி ஆனது.

ப்ரோகிராம் எழுதுகிறவனுக்கு இது உடனே புரியும். எல்லாக் கோளாறும் டெஃபனிஷனில் இருக்கிறது. உடலுழைப்பு, எழுத்தர் வேலை, தொழில்நுட்ப வேலை என்று ஒரு வரையறை எழுதினார்கள். பள்ளி வேன் டிரைவர் அதற்குள் வருவார். ஆபீஸ் கிளார்க் வருவார். வகுப்பில் நிற்பவர் வரமாட்டார். இழிவாக நினைத்து யாரும் அவரை வெளியே தள்ளவில்லை. ரொம்ப உயரத்தில் வைத்ததாலேயே வெளியே நிற்கிறார். குரு என்று கும்பிட்டோம், கூலிக்காரர் என்ற உரிமையைக் கொடுக்கவில்லை. இப்போது தொழிலாளர் சட்டங்களை 4 தொகுப்பாக்கி 2025 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். வரையறையும் அகலமாகியிருக்கிறது. ஆனால் வரையறை மட்டும் போதாது. கல்வி நிறுவனங்களுக்கு பி.எஃப். பொருந்தும் என்று 1982லேயே சொல்லியாகிவிட்டது. லாங் பஜாரில் நான் பார்த்த டீச்சருக்கு 11 வருஷமும் பிடிக்கவில்லையே.

தோல் தொழிலைச் சொர்க்கம் என்று சொல்லவரவில்லை. 2015 ஜனவரி 31ல் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளிகள் இறந்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்கமாட்டோம். அட்டவணையில் பேர் இருப்பது வேறு, கைக்குக் காசும் உயிருக்குப் பாதுகாப்பும் வருவது வேறு. ஆனால் பேர் இருந்தால் கேட்கவாவது ஒரு இடம் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடணும். நானும் விட்டுப் போனவன்தான். பி.இ. முடித்ததும் ஒரு சுயநிதிக் கல்லூரியில் ஒன்றரை வருஷம் லெக்சரராக இருந்தேன். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் எடுத்தேன். லிங்க்டு லிஸ்டை ரயில் பெட்டி போல் போர்டில் வரைந்து காட்டியதும் கடைசி பெஞ்சில் ஒருத்தன் "ஓ!" என்றது இன்னும் காதில் இருக்கிறது. சம்பளம் ஒரு மாசம் வரும், ஒரு மாசம் தள்ளிப்போகும். எச்.ஓ.டி.யிடம் கேட்டபோது, "டீச்சிங் ஒரு சர்வீஸ், தம்பி" என்றார். அவருக்கும் பாக்கி இருந்தது என்பது பிறகு தெரிந்தது. சென்னையில் கம்பெனி கிடைத்ததும் கிளம்பிவிட்டேன். நான் ஐ.டி.க்குப் போனபோது யாரும் முகம் மாறவில்லை. வாழ்த்தினார்கள், ஸ்வீட் கேட்டார்கள். அதே காரணத்துக்காக அதே காரியத்தைச் செய்த ஒரு பெண் ஷூ கம்பெனி என்றதும் என் முகம் மாறியிருக்கிறது. மரியாதையைச் சம்பளமாகக் கொடுத்துப் பழகிய ஊரில், நானும் ஒரு ஆள்.

அன்றைக்குக் கடையில் பில் போடும்போது அவரிடம் கேட்டேன், "திரும்பக் கூப்பிட்டா போவியா?"

நோட்டுக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னார்: "கணக்கு எடுக்க இப்பவும் ஆசைதாண்ணா. மே மாசச் சம்பளமும் உண்டுன்னு எழுதிக் குடுத்தா, நாளைக்கே போறேன்."