பத்தாலா என்றால் புத்தளமா? யார் சொன்னது?

புத்தளத்தைப் பற்றி எங்களில் யார் கட்டுரை எழுதினாலும் முதல் பந்தியிலேயே ஒரு வசனம் வந்துவிடும்: 1344இல் இப்னு பதூதா புத்தளத்தில் வந்திறங்கினார். அடிக்குறிப்பில் 'ரிஹ்லா' என்று ஒரு சொல். சோலி முடிஞ்சுது.

ரிஹ்லாவில் இருக்கும் பெயர் 'பத்தாலா'. மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்ட கப்பலைக் காற்று இலங்கைப் பக்கம் தள்ளிவிட்டது. பத்தாலாவில் ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டாராம். ஊரைச் சுற்றி மரவேலி, கரையெங்கும் வெள்ளம் அடித்துக் குவித்த கறுவா மரங்கள். இவ்வளவும் அவருடைய கூற்று. பத்தாலாதான் புத்தளம் என்பது பின்வந்த ஆய்வாளர்களின் முடிவு. நாங்களும் அதை ஏற்கிறோம். ஆனா அது வேற ஆக்களுடைய கூற்று, அதுக்கு வேற குறிப்பு வேணும்.

இன்னும் இருக்கு. ரிஹ்லாவை இப்னு பதூதா தன் கையால் எழுதவில்லை. மொரோக்கோவின் ஃபெஸ் நகரில் அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை எழுதினார். எழுதி முடித்தது 1355இல், பத்தாலாவைக் கண்டு பதினொரு வருஷம் கழிச்சு. அந்த நூலில் மக்கா, டமஸ்கஸ் பற்றிய வர்ணனைகள் பல, முன்னர் பயணித்த இப்னு ஜுபைரின் நூலிலிருந்து பெயர் சொல்லாமல் எடுத்தவை! (இண்டைக்குக் கம்பஸில் என்றால் அசைன்மென்ட் திரும்பி வந்திருக்கும்.) நாங்கள் வாசித்ததோ அரபு மூலத்தை இல்லை, கிப் 1929இல் வெளியிட்ட ஆங்கிலச் சுருக்கத்தை. அப்ப குறிப்பில் கிப்பின் பெயரும் பக்கமும் வரணும். ஹதீஸ் ஓதிய பிள்ளைகளுக்கு இது புதுசில்லை. அறிவிப்பாளர் வரிசை என்று அங்கே படித்ததுதான்.

எங்கள் கரையில் இது வெறும் மார்க்ஸ் விஷயமும் இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். காணி உறுதி, படங்கள், கடிதங்கள் என்று பலருக்கும் எல்லாம் வீட்டோடு போனது. அந்த வீடுகளின் வரலாற்றுக்கு இப்ப மூலம் மூத்தம்மாமார் சொல்லும் கதைதான். அதைப் போய் "மக்கள் கூறுகின்றனர்" என்று எழுதிவிட்டால், நாளைக்கு யாராவது "எந்த மக்கள்?" என்று கேட்க, பதில் இருக்காது. பெயரை மறைக்கச் சொன்னால் மறைப்போம். ஆனால் எந்த ஊரிலிருந்து வந்தவர், அப்ப என்ன வயது, கண்ணால் கண்டதா, உம்மா சொல்லிக் கேட்டதா, எங்களிடம் எந்தத் திகதியில் எங்கே வைத்துச் சொன்னார் என்பதைக் குறித்து வைப்போம். அந்த ஒலிப்பதிவு இப்ப யாரிடம் இருக்கு என்பதையும்.